நீலத்தில் இருக்கிற பிள்ளை

தை மாதம் பதினேழாம் தேதி காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு, அறுபத்து நான்கு வீடுகள் கொண்ட மேலக்கரைக் காலனியில், நாற்பத்தோராம் எண் வீட்டு ஆவுடையம்மாள் தேங்காய்ச் சட்னி அரைக்க மிக்ஸியைச் சொருகப் போனபோது, சமையலறைச் சுவரிலிருந்த பிளக்கின் மூன்று ஓட்டைகளிலிருந்தும் ஓர் ஆண்குரல், 'என் பல்செட்டை எங்க வச்சே?' என்று கேட்டது. அது ஏழு வீடு தள்ளி இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் சிதம்பரத்தின் குரல். ஆவுடையம்மாள் வயரைக் கையில் பிடித்தபடி சற்று நின்றாள். பிறகு, கேட்ட மனுஷனுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்று தோன்றியதால், 'எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி' என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சட்னியை அரைத்தாள்.

முந்தின வாரம் மீட்டர் கம்பெனி ஆட்கள் வந்து எல்லா வீட்டிலும் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியிருந்தார்கள். இனி ரீடிங் எடுக்க யாரும் அட்டையோடு வீடு வீடாக அலைய வேண்டாம், கரண்டு வருகிற கம்பி வழியாகவே அது தானாக ஆபீசுக்குப் போய்விடும் என்றார்கள். ரீடிங் போகிற கம்பியில் பேச்சும் போகும் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரிந்திருக்காது. புகார் எழுதிக் கொடுத்ததும் இளநிலைப் பொறியாளர் ஒருவர் வந்து, சிதம்பரம் வீட்டுப் பிளக்கில் காதை வைத்து, பன்னிரண்டாம் நம்பர் வீட்டில் ரசம் வைத்துக்கொண்டிருந்த மாமியாரும் மருமகளும் பேசியதைப் பத்து நிமிஷம் கேட்டார். 'ரீடிங் சரியா வருதுல்லா?' என்றார். வருகிறது என்றார்கள். 'பெறவு என்ன?' என்று சொல்லி, வோல்டேஜ் சரியாக இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரசத்துக்குப் புளி பத்தாது என்று அந்த மருமகளுக்குப் பிளக் வழியாகவே சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதத்துக்குள் காலனிக்கு அதன் சட்டதிட்டம் பிடிபட்டது. டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று கம்பிகள் புறப்படுகின்றன என்றும், லைன்மேன்கள் அவற்றைச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று சொல்வார்கள் என்றும், காலனியில் சிவப்பில் ஆவுடையம்மாள் வீட்டையும் சேர்த்து இருபத்து மூன்று வீடும் மஞ்சளில் இருபதும் நீலத்தில் இருபத்தொன்றும் இருக்கின்றன என்றும், ஒரு கம்பியில் பேசுவது அந்தக் கம்பி வீடுகளில் மட்டுமே கேட்கும் என்றும் லைன்மேன் அருணாசலவடிவு விளக்கினார். மிக்ஸியோ தண்ணீர் மோட்டாரோ ஓடினால் பேச்சு உடைந்துபோகும் என்பதையும், சுவிட்சை அணைத்து வைத்தாலும் பிளக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பதையும், ஜெபமணியின் மாவு மில்லில் இருக்கிற பெரிய மோட்டார் மூன்று கம்பியிலும் ஓடுவதால் அது சுற்றுகிற நேரம் முழுக்கக் காலனியே செவிடாகிவிடும் என்பதையும் பெண்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டார் என்ற சொல்லுக்கு அர்த்தம் போய்விட்டது. சுவரோடு சுவர் ஒட்டியிருந்த மஞ்சள் வீட்டுக்காரர்கள் அந்நியர்கள் ஆனார்கள். மூன்று தெரு தள்ளி இருந்த சிவப்பு வீட்டுக்காரர்கள் சொந்தம் ஆனார்கள், ஏனென்றால் அவர்களுடைய இருமலும் குழம்பும் கடன்காரனுக்குச் சொன்ன பொய்யும் இவர்களுக்குத் தெரியும். புதிதாகக் குடிவந்தவர்களிடம் எந்த ஊர் என்று கேட்காமல் எந்தக் கலர் என்று கேட்டார்கள். சடங்கு வீட்டுக்கும் இழவு வீட்டுக்கும் கலர் பார்த்துப் போனார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை போட வேண்டுமென்றால் கதவைச் சாத்திவிட்டுத் தெருவுக்கு வந்து போட்டார்கள். அங்கேதான் யாருக்கும் கேட்காது.

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி ஆவுடையம்மாளின் மகள் பிரம்மசக்தி வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கு இருந்தவள், வயது இருபத்திரண்டு. அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற செல்வினும் அன்றைக்கு வரவில்லை. அவன் வேறு சாதி, வேறு வேதம். காலையில் புறப்படும்போது வாசலுக்கு வெளியே, தெருவில் நின்று, பிரம்மசக்தி அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். பதிவுக் கல்யாணத்துக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறோம், முப்பது நாள் ஆகும், அந்த முப்பது நாள் மட்டும் நான் இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிட்டால் போதும் என்றாள். ஆவுடையம்மாள் டிபன்பாக்ஸ் எடுத்துக்கொண்டாயா என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் கொம்பையா, இளையவன் மாடக்கண்ணு. இருவரும் கிடாய் வியாபாரம். அவர்களுடைய பெரியப்பா மகள் ஒருத்தி இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிரைவரோடு போய், நாலாம் நாள் சமாதானம் பேசிக் கூட்டிவரப்பட்டு, அன்று ராத்திரியே வயிற்று வலியில் செத்துப்போனாள். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் எரித்தார்கள். வயிற்று வலி என்ற சொல்லை அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு யாரும் வேறு எதற்கும் பயன்படுத்துவதில்லை. ஏப்ரல் இருபதாம் தேதி வீடு கூட்டும்போது கொம்பையாவின் கட்டிலுக்குக் கீழே காகிதம் பிரிக்காத புது வெட்டரிவாள் இருப்பதை ஆவுடையம்மாள் பார்த்தாள். அதைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனாள்.

மகன்கள் பஸ் ஸ்டாண்டுகளையும், தோழிகளின் வீடுகளையும், செல்வினின் மாமா இருந்த கடலோர ஊரையும், அவன் அக்காள் கட்டிக்கொண்டு போன மலையோர ஊரையும் தேடினார்கள். அடுத்த தெருவை மட்டும் தேடவில்லை. பிரம்மசக்தியும் செல்வினும் ஜெபமணியின் மாவு மில்லுக்குப் பின்னால், மூட்டை அடுக்கும் அறையில் இருந்தார்கள். ஜெபமணி புருஷன் இல்லாதவள், ஐம்பது வயது, யாருக்கும் பயப்படாதவள் என்று பெயர் வாங்கியவள். உண்மையில் எல்லாவற்றுக்கும் பயப்படுவாள். மில் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டதில்லை.

மில்லோடு ஒட்டியிருந்த அவள் வீட்டு விளக்கும் காற்றாடியும் நீலத்தில் ஓடின. ஆகவே முதல் நாளே நீலத்தில் இருக்கிற இருபது வீட்டுக்கும் தெரிந்துபோனது. சமையலறைப் பிளக்கில் ஒரு புதுக்குரல் வந்து, 'அக்கா, கடுகு எதுல இருக்கு?' என்று கேட்டது. அது யார் குரல் என்று தெரியாதவர்கள் காலனியில் கிடையாது. அன்றைக்கு நீலத்துப் பெண்கள் தெருவில் கூடி நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது தெரியவில்லை. அடுத்தவன் பல்செட் காணாமல் போனதைக்கூட நான்கு தெருவுக்குப் பரப்பிய நீலம், ஏறக்குறைய நூறு வாய் கொண்ட நீலம், அன்று முதல் வாயை மூடிக்கொண்டது.

ஆவுடையம்மாளுக்கு அது குழாயடியில் தெரியவந்தது. நீலத்துப் பகவதி தன் குடத்தை அவள் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

'ஆவுடையக்கா, நேத்து எங்க நீலத்துல ஒரு பிள்ளை புளிக்குழம்பு வச்சது. வெந்தயத்தைக் கடைசிலதான் போடணும், எங்கம்மா அப்படித்தான் போடுவான்னு சொல்லிக்கிட்டே வச்சது.'

ஆவுடையம்மாள் நிரம்பி வழிந்த குடத்தை நகர்த்தவில்லை.

'உறைப்பு எப்படியாம்?'

'கூடத்தானாம். சாப்பிட்ட பயல் ரெண்டு செம்பு தண்ணி குடிச்சான்.'

'சில பிள்ளைய அப்படித்தான்' என்றாள் ஆவுடையம்மாள்.

எந்த வீடு என்று அவள் கேட்கவில்லை. தெரிந்தது ஒருநாள் வாயில் வரும், வாயில் வந்தது பிளக்கில் போகும் என்று அவளுக்குத் தெரியும். தினமும் குழாயடிக்குப் போனாள்; தினமும் பகவதி ஒன்றைச் சொன்னாள். அந்தப் பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறது, அந்தப் பிள்ளை தூக்கத்தில் பேசுகிறது, அந்தப் பிள்ளை நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது, இன்றைக்குப் பதினாலு.

நீலம் மாட்டிக்கொண்டது பேச்சால் அல்ல, பேசாமல் இருந்ததால்தான். மாடக்கண்ணுதான் அதைக் கவனித்தான். 'மூணு மாசமா ஓயாத நீலம் இப்ப ஏன் ஓஞ்சு கெடக்கு? நான் தெருவுல வந்தா எல்லாவளும் வானத்தைப் பாக்காளுவ' என்று அண்ணனிடம் சொன்னான். மறுநாள் இருவரும் கம்பத்தடியில் அருணாசலவடிவை மறித்தார்கள்.

'அண்ணாச்சி, எங்க வீட்டை நீலத்துக்கு மாத்தி விடும்' என்றான் கொம்பையா.

'நீலத்துல லோடு கூட, தம்பி. ஏசியே ஒம்பது ஓடுது. மனு எழுதிக் குடுங்க. ஜே.இ. பாத்து, எஸ்டிமேட் போட்டு, அனுமதி வரணும்.'

'ஒரு கம்பியைக் கழத்தி அந்தப் பக்கம் மாட்டுததுக்கு எஸ்டிமேட்டா?'

'கழத்துததுக்கு ஒண்ணு. மாட்டுததுக்கு ஒண்ணு.'

கொம்பையா ஏணியில் கை வைத்தான். 'கம்பத்துல ஏறுத ஆளு நீரு. நீரு எறங்குத வரைக்கும் நாங்க கீழதான் நிப்போம், பாத்துக்கிடும்.'

'நில்லுங்க தம்பி. நிழல்ல நில்லுங்க, கத்திரி வெயிலு' என்றார் அருணாசலவடிவு. அன்றைக்கு அவர் ஏணியிலிருந்து இறங்க வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது.

அதன் பிறகு இருவரும், வெளியூர் வேலையிலிருந்து அன்றைக்குத்தான் திரும்பியிருந்த நீலத்துக் கூட்டாளி ஒருவனின் வீட்டுக்குப் போய், பிளக்குக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்துகொண்டார்கள். அந்த நிமிஷத்திலிருந்து ஜெபமணியின் மில் நிற்கவில்லை. நீலத்துப் பெண்கள் அரிசி கொண்டுவந்தார்கள், கம்பு கொண்டுவந்தார்கள், கொண்டுவர ஒன்றும் இல்லாதபோது அரைத்துக்கொண்டு போன மாவையே திரும்பக் கொண்டுவந்தார்கள். மில் ஓடுகிற வரைக்கும் மூன்று கம்பியும் செவிடு. காலை ஏழு முதல் ராத்திரி எட்டு வரை வரிசை நின்றது; அதற்கு மேல் விடியும்வரை ஜெபமணி வெறும் மோட்டாரை ஓடவிட்டாள்.

'இதோட நாலாவது தடவை அரைக்கேன்' என்றாள் ஜெபமணி. 'இனி அரைச்சா தோசை வராது. நெத்தியில பூசத்தான் ஆகும்.'

'பூசிக்கிடுதோம். நீ நிறுத்தாத' என்றாள் பகவதி.

இப்படி ஆறு நாள் ஓடியது. மாவு காற்றில் பறந்து நீலத்து வீடுகளின் வாசலெல்லாம் வெளுத்திருந்தது. கூட்டாளியின் வீட்டுப் பிளக்கில் ஆறு நாளும் மோட்டார் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

மே மாதம் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, இருபத்திரண்டாம் நாள். கத்திரி உச்சத்தில் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மகன்கள் இருவரும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் தங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். ஆவுடையம்மாள் பட்டாசாலையில் இலை போட்டுப் பரிமாறினாள். அதே நேரம் நீலத்தில் ஒன்பது ஏசியும் சேர்ந்து இழுத்ததில் வோல்டேஜ் விழுந்தது. நீலத்து வீடுகளில் குழல்விளக்கு துடித்தது. மில் மோட்டார் முனகி நின்றது. மூட்டை அறையில் காற்றாடி ஒவ்வொரு றெக்கையாக எண்ணுகிற அளவுக்குச் சுற்றியது.

வோல்டேஜ் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஜெபமணி யோசித்ததே கிடையாது. மில்லுக்கு மூன்று கம்பியும் வருவதால், எது நன்றாக இருக்கிறதோ அதற்கு விளக்கையும் காற்றாடியையும் மாற்றிக்கொள்ள மீட்டர் பலகையில் ஒரு கைப்பிடி உண்டு. இருபது வருஷமாக ஒவ்வொரு கோடையிலும் விளக்கு மங்கிய உடனே அவள் கை அந்தக் கைப்பிடிக்குப் போகும். கை போனது மனசுக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கும் அப்படியே போனது. ஒரு கையால் முகத்து மாவைத் துடைத்துக்கொண்டு மறுகையால் கைப்பிடியை நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருப்பினாள். காற்றாடி வேகமெடுத்தது.

நாற்பத்தோராம் எண் வீட்டுச் சமையலறையில் ரசத்துக்குக் கரண்டி எடுக்க வந்த ஆவுடையம்மாளின் முகத்துக்கு நேரே, பிளக்கின் மூன்று ஓட்டைகளிலிருந்தும் அவள் மகளின் குரல் வந்தது.

'அப்பாடா, காத்து வந்துட்டு.'

இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு கேட்கிற குரல். சளி இன்னும் போகவில்லை. ஆவுடையம்மாளுக்கு அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்கு நேரமில்லை. அடுத்த வாக்கியத்தில் பிள்ளை யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடும், பெயரோடு வீடு வரும், பட்டாசாலைக்கும் சமையலறைக்கும் நடுவே கதவுகூடக் கிடையாது. பிளக்கில், 'யக்கா, ஜெ...' என்று தொடங்கியது. ஆவுடையம்மாள் மிக்ஸியைச் சொருகி, குமிழை மூன்றுக்குத் திருப்பினாள்.

வெறும் ஜாடி அலறியது.

'எம்மா, என்னத்த அரைக்க?' பட்டாசாலையிலிருந்து கொம்பையா.

'சட்னி.'

'ரசஞ்சோத்துக்குச் சட்னியா? கிறுக்குப் புடிச்சிட்டா ஒனக்கு?'

அவள் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கொம்பையா எச்சில் கையோடு எழுந்து வந்தான். அவளைப் பார்த்தான், ஜாடியைப் பார்த்தான். மூடியைப் பிடுங்கித் திறந்தான். உள்ளே ஒன்றும் இல்லை, பிளேடு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாகக் கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தான்.

சத்தம் நிற்கவில்லை.

பிளக்கிலிருந்து வேறொரு மிக்ஸியின் இரைச்சல் வந்தது. சிவப்பில் இருக்கிற வேறு ஏதோ ஒரு வீடு. ஏனென்றால் பிரம்மசக்தியின் குரல் நாற்பத்தோராம் எண்ணுக்கு மட்டும் வரவில்லை. சிவப்பின் எல்லா வீட்டுக்கும் வந்திருந்தது, அதற்கு மேல் வெறும் ஜாடி அலறியதும் வந்திருந்தது. வெறும் ஜாடிக்கும் தேங்காய் போட்ட ஜாடிக்கும் வித்தியாசம் தெரியாத பெண்பிள்ளை காலனியில் இல்லை. நான்காம் நம்பர் வீட்டில் மிக்ஸி ஓடியது. பன்னிரண்டாம் நம்பரில் மாமியாரும் மருமகளும் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டார்கள். பிறகு கிரைண்டர்கள், பிறகு தண்ணீர் மோட்டார்கள், பிறகு சலவைப் பெட்டிகளையும் சுடுதண்ணீர்க் கம்பிகளையும் கையில் கிடைத்த எதையெல்லாம் சொருக முடியுமோ அதையெல்லாம் சொருகினார்கள். தபால்காரர் சிதம்பரம் பொங்கலுக்கு மட்டும் எடுக்கிற பழைய கிரைண்டரைக் கல் இல்லாமலே ஓட்டினார். ஏழு வீடு, பதினொன்று, பத்தொன்பது, இருபத்து மூன்று. சிவப்புக் கம்பி முழுக்க ஒரே கூச்சலாக நிறைந்து, அந்தக் கூச்சல் பிளக்குகளில் வழிந்து, மூன்று மணி பதினான்கு நிமிஷத்துக்கு டிரான்ஸ்பார்மரில் வெடிபோட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது. சிவப்பில் எல்லாம் நின்றது.

அந்த அமைதியில் கொம்பையா ஜாடியைக் கையில் வைத்தபடி நின்றான்.

'அவ குரல் கேட்டுச்சு' என்றான்.

'எனக்கும் கேட்டுச்சு.'

'எந்த வீடு?'

'தெரியாது' என்றாள் ஆவுடையம்மாள். 'தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்.'

அவன் ஜாடியைச் சுவரில் எறிந்தான். அது அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பட்டு விழுந்தது. அவள் நகரவில்லை. மாடக்கண்ணு கட்டிலுக்குக் கீழேயிருந்ததை எடுத்துக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தான். 'அண்ணே, சிவப்புலதான் இருக்கா. கரண்டு வந்தா மறுபடியும் பேசுவா. வா' என்றான்.

டிரான்ஸ்பார்மரடியில் காலனி முழுக்க வந்து நின்றது. கரண்டு போனால் தெருவுக்கு வருவது எல்லோருக்கும் வழக்கம் என்பதால் அதில் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. அருணாசலவடிவு ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

'பீஸைப் போடும்வே' என்றான் கொம்பையா. தம்பி எடுத்துக் கொடுத்ததை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

'போடுதேன். லைன் கிளியர் வரணும். சப் ஸ்டேஷன்ல ஆஃப் பண்ணி, பண்ணிட்டோம்னு சொல்லி, நான் நேரத்தை எழுதிக்கிட்டுத்தான் தொடணும். எம் பொண்டாட்டிக்கு நான் ஒருத்தன்தான்.'

'போன் போடும்.'

'போட்டேன். சாப்பிடப் போயிருக்காராம்.'

நாற்பது நிமிஷம் கழித்து லைன் கிளியர் வந்தது. அருணாசலவடிவு நேரத்தை எழுதினார். கையுறையை மாட்டினார். கழற்றினார். உள்ளே ஓர் எறும்பு இருப்பதாகச் சொல்லி உதறினார். மறுபடி மாட்டினார். ஏணியில் ஏறினார். காலனி முழுக்க, சிவப்பும் மஞ்சளும் நீலமும், முந்நூறு பேர், கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து அவரையே பார்த்தார்கள். முந்நூறு பேர் ஓரிடத்தைப் பார்க்கிறபோது, கூடவே நிற்கிற இரண்டு பேர் வேறிடத்தைப் பார்க்க முடியாது. கொம்பையாவும் மாடக்கண்ணும் அண்ணாந்தார்கள்.

அப்போது ஜெபமணியின் லோடு ஆட்டோ மில்லிலிருந்து புறப்பட்டுக் கூட்டத்துக்கு நடுவே வந்தது. பின்னால் எட்டு மாவு மூட்டை, மூட்டைகளின் மேல் தலை முதல் கால் வரை வெளுத்துப்போன இரண்டு வேலையாட்கள், தலையில் சாக்கைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெபமணியே ஓட்டினாள். முகத்து மாவில் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது. 'வழி விடுங்க, வழி விடுங்க' என்றாள். கொம்பையா மேலே பார்த்தபடியே இரண்டடி தள்ளி நின்று வழி விட்டான். ஆட்டோ அவன் முழங்கையை உரசிக்கொண்டு போனது. சட்டையில் கொஞ்சம் மாவு ஒட்டியது.

ஆட்டோ ஆவுடையம்மாளையும் தாண்டியது. மூட்டை மேலிருந்த இரண்டு பேரில் சின்ன ஆள் ஒரு தரம் தும்மினான். ஆவுடையம்மாள் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்ட தும்மல். அவள் திரும்பவில்லை. கழுத்து வலிக்க வலிக்க டிரான்ஸ்பார்மரையே பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பகவதியின் மணிக்கட்டை, வளையல் உடைகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ சத்தம் தார் ரோட்டில் ஏறி, திரும்பி, கேட்காமல் போகிற வரைக்கும் விடவில்லை.

நான்கு மணி பத்து நிமிஷத்துக்குச் சிவப்பில் கரண்டு வந்தது. அன்று சாயங்காலத்திலிருந்து இரண்டு நாள் மகன்கள் தங்கள் வீட்டுப் பிளக்கடியில் உட்கார்ந்து கேட்டார்கள். பன்னிரண்டாம் நம்பர் வீட்டில் ரசம் வைப்பது கேட்டது.

மே பதினெட்டாம் தேதி காலை, குழாயடியில் பகவதி ஓர் ஊரின் பெயரையும் பஸ் நம்பரையும் சொன்னாள். ஆவுடையம்மாள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு, கட்டின சேலையோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

மே இருபதாம் தேதி, திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு, அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் செல்வினுக்கும் பிரம்மசக்திக்கும் திருமணம் பதிவானது. சாட்சிகள் மூன்று பேர். முதல் சாட்சி ஆவுடையம்மாள், வயது ஐம்பத்து மூன்று, மணமகளின் தாய்.